செம்பிக்கு எந்த வீடு?

மட்டக்களப்பு நாவற்குடாவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தடியில் பின்னங்கால் அடிபட்டுக் கிடந்த ஒரு கட்டாக்காலிப் பெட்டை நாயைத் தூக்கிவந்து வைத்தியம் பார்த்திருக்கிறார். செம்பு நிறம், அதனால் பெயர் செம்பி. இரண்டு வயது மட்டில் இருக்கும் என்று மிருக வைத்தியர் சொன்னாராம். கால் ஆறிவிட்டது, பயம்தான் ஆறவில்லை. தங்கச்சியின் கையிலும் அம்மாவின் கையிலும் மட்டும் சாப்பிடும். வேறு யார் படலையைத் திறந்தாலும் குசினிக்குள் ஓடி, விறகு அடுக்குக்குப் பின்னால் போய்விடும். வருகிற தை மாதம் தாயும் மகளும் வேலை விடயமாகக் கொழும்புக்கு மாறுகிறார்கள். அங்கே எடுத்திருக்கும் அனெக்ஸில் நாய்க்கு இடமில்லை. செம்பியை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்: களுவாஞ்சிகுடியில் இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம், கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் செய்யும் பெரியப்பா, ஆரையம்பதியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர். "இதில் யார் அன்பாகப் பார்ப்பார்கள்?" என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, மூன்று பேரும் அன்பாகத்தான் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். நம் ஊரில் நாய்க்கு ஒரு பிடி சோறு போட மனமுள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை. செம்பி போன்ற நாய்க்கு அன்பு மட்டும் காணாது. சத்தம் குறைந்த வளவு வேண்டும், ஓட்டையில்லாத வேலி வேண்டும், பக்கத்தில் வராத நாயை அதன் பாட்டில் விட்டுவிடத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். மூன்றாவதுதான் கிடைப்பது கஷ்டம். அன்பு கூடியவர்கள்தான் தொட்டுத் தடவாமல் இருக்க மாட்டார்கள்.

களுவாஞ்சிகுடிப் பிள்ளைகள் போட்டோவைப் பார்த்துவிட்டுத் துள்ளுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிள்ளைகள் ஓடுவார்கள், கத்துவார்கள், கூட்டாளிகளைக் கூட்டிவந்து காட்டுவார்கள், கட்டிலுக்குக் கீழே ஒளிந்த நாயைக் காலில் பிடித்து இழுப்பார்கள். பயந்த நாய் ஓட வழியிருக்கும்வரை ஓடும், மூலையில் அடைபட்டால் கடிக்கும். அந்தக் கடி பெரும்பாலும் பிள்ளையின் முகத்தில் விழும், ஏனென்றால் பிள்ளை குனிந்துதான் பார்க்கும். அதற்குப் பிறகு செம்பிக்கு அந்த வீட்டில் மட்டுமில்லை, எந்த வீட்டிலும் இடம் கிடைக்காது. அவர்களுக்கு ஒரு நாய்க்குட்டி பொருத்தம். ஏறக்குறைய மூன்று கிழமை வயதிலிருந்து பதினான்கு கிழமைக்குள் ஒரு குட்டி எதையெல்லாம் பழகுகிறதோ அதெல்லாம் அதற்கு வாழ்நாள் முழுக்கச் சாதாரணமாகிவிடும். பெட்டைக் குட்டி என்றதற்காகவே சந்தையடியிலும் கோவிலடியிலும் விடப்படுகிற குட்டிகள் நம் பக்கம் எத்தனை! அதில் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளோடு சேர்ந்து வளரட்டும்.

பெரியப்பாவிடம் கொடுப்பதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல் வாடியில் இரவுக் காவல் என்றால் யானைக் காவல்தானே. யானை இறங்கினால் யானை வெடி போடுவார்கள். நமக்கே நெஞ்சு அதிரும் சத்தம் அது. செம்பி முதல் வெடியிலேயே ஓடும். இருட்டில், தெரியாத இடத்தில் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுவும் போக, பயந்த நாய் காவலுக்கு உதவாது. ஆளைக் கண்டால் குரைப்பதற்குப் பதிலாக ஒளிகிற நாயை வைத்துக்கொண்டு பெரியப்பா என்ன செய்வார்? கொஞ்ச நாளில் அவருக்கே அலுத்துவிடும், சங்கிலியில் கட்டிப் போட்டுவிடுவார். சங்கிலியில் கட்டிய பயந்த நாய்க்கு ஓடுகிற வழியும் இல்லை, ஒளிகிற வழியும் இல்லை. கடைசியில் மிஞ்சுவது பல்தான்.

ஆக, ரீச்சர். அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு கிழட்டுக் கடுவன் நாய் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். மனிதரை நம்பாத நாய், மனிதரை நம்புகிற இன்னொரு நாயைப் பார்த்து எளிதாகப் பழகும். கிழவன் ரீச்சரின் காலடியில் போய்ப் படுப்பதையும், அவர் கையால் வாங்கித் தின்பதையும், வாசலில் தபால்காரர் வந்தாலும் தலையைத் தூக்காமல் கிடப்பதையும் அது ஒரு மூலையிலிருந்து கவனித்துக்கொண்டே இருக்கும். நானும் நீங்களும் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுக்க முடியாததை அந்தக் கிழவன் சும்மா படுத்துக்கிடந்தே சொல்லிக்கொடுத்துவிடும். சண்டைக்காரனாக இல்லாவிட்டால் சரி.

ரீச்சரிடமும் இரண்டு விடயம் பார்க்கவேண்டும். ஒன்று வயது. எழுபது தாண்டியவர் என்றால், செம்பிக்கு இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறது. இதைக் கேட்க வாய் கூசும்தான், ஆனாலும் கேளுங்கள்: "ரீச்சர், உங்களுக்கு ஒரு சுகயீனம் என்றால், மகன் வீட்டுக்கு ஒரு மாதம் போய் நிற்கவேண்டி வந்தால், இவளை யார் பார்ப்பது?" அவர் சொல்லும் ஆள், பக்கத்தில் இருக்கிற மகளோ மருமகனோ, ஒருமுறையாவது செம்பியைப் பார்க்க வரவேண்டும். இரண்டாவது வேலி. வீட்டைப் பார்க்கப் போகும்போது தேத்தண்ணி குடித்து முடிந்ததும் வளவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். முன்பக்கம் மதிலும் கேற்றும் எல்லா வீட்டிலும் அழகாகத்தான் இருக்கும். பின்பக்கம், கிணற்றடி, வாழைப்பாத்திக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால், கிடுகு உக்கிப்போன மூலை, படலைக்கும் நிலத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி, இவற்றைக் குனிந்து பாருங்கள். உங்கள் தலை போகிற ஓட்டையென்றால் செம்பியும் போகும். வேலிக் கம்பிக்குக் கீழே ஒரு வரிசை கல்லும், கிடுகுக்கு உள்பக்கம் கோழிவலையும் போட்டால் போதும், பெரிய செலவில்லை. அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

வேலிக்கு அந்தப்பக்கம் முஸ்லிம் குடும்பம் இருந்தால், நாய் வருவதற்கு முன்பே ரீச்சர் போய் ஒரு வார்த்தை சொல்லிவைக்கட்டும். நம் மாவட்டத்தில் ஊர்கள் ஒன்றுக்கு ஒன்று ஒட்டிக்கிடக்கின்றன. நாயின் எச்சில் படுவது அவர்களுக்குத் தொழுகையோடு சம்பந்தப்பட்ட காரியம். வளவை விட்டு வெளியே வராது, வந்துவிட்டால் கல்லெறியாமல் எனக்குச் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். நாய் தப்பி ஓடும் அன்று முதலில் காணப்போவதும் அவர்கள்தான்.

இனி, எந்த வீடென்றாலும் செய்யவேண்டியது ஒன்று. பயத்தை முதலில் சொல்லுங்கள். நீங்கள் பேஸ்புக்கில் போட்டிருந்த பதிவைப் பார்த்தேன். இரத்தம் வடிகிற காலோடு ஒரு படம், "இந்த அப்பாவி ஜீவனுக்கு ஒரு வாழ்வு கொடுங்கள்" என்று ஒரு வரி. அதற்கு அழுகிற முகங்கள் நிறைய வந்திருந்தன. இரக்கத்தில் எடுப்பவருக்கு நாய் நன்றியோடு வாலாட்டும் என்ற நினைப்பு உள்ளுக்குள் இருக்கும். செம்பி வாலாட்டாது, மாதக்கணக்கில் முகம்கூடக் கொடுக்காது. இரண்டு கிழமையில் "இது எங்களோடு ஒட்டுதில்லை" என்று போன் வரும். ரீச்சர் சரிவராமல் போனால் திரும்பப் பதிவு போடவேண்டி வருமே, அப்போது இப்படி எழுதுங்கள்:

"செம்பி, இரண்டு வயது, பெட்டை, கருத்தடை செய்து ஊசி போட்டது. ஆட்களுக்குப் பயம். முதல் சில கிழமை ஒளிந்துகொண்டே இருக்கும், தூக்கிக் கொஞ்ச முடியாது, காவலுக்குச் சரிவராது. மற்ற நாய்களோடு சண்டையில்லை. அமைதியான வீடு, அடைத்த வளவு, சின்னப் பிள்ளைகள் இல்லாத இடம் வேண்டும். வந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம்."

படமும் காயத்தோடு வேண்டாம். குசினி வாசலில் காலை நீட்டிப் படுத்திருக்கும்போது தூரத்தில் நின்று ஒன்று எடுங்கள். இதைப் படித்துவிட்டுப் பத்துப் பேர் கடந்துபோவார்கள், போகட்டும். பதினோராவது ஆள் கேட்கிற கேள்வியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மாநகர சபையில் சொன்னால் கொண்டுபோவார்கள் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். முன்னொரு காலத்தில் பிடித்துக் கொன்றார்கள். 2006 இல் அதை நிறுத்தச் சொல்லி அரசு முடிவெடுத்த பிறகு, கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும்தான் வழி என்று ஆயிற்று. சபை உங்களுக்கு வீடு பார்த்துத் தராது, அந்த நினைப்பை விடுங்கள்.

கொடுக்க முன் முடிக்கவேண்டிய வைத்திய வேலைகள் அதிகமில்லை. கருத்தடை முதலாவது. பெட்டை நாய் ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அந்த நாட்களில் ஊர்க் கடுவன்கள் எல்லாம் படலையடியில் காவல் கிடக்கும், இரவிரவாகக் குலைக்கும். பயந்த நாய்க்கு அதைவிட நரகம் இல்லை, ரீச்சருக்கும் அக்கம்பக்கத்துக்கும் கூடத்தான். சினைப்பட்டால் அறுபத்து மூன்று நாளில் குட்டிகள். தையல் ஆறப் பத்துப் பதினான்கு நாள் எடுக்கும், அது உங்கள் வீட்டிலேயே ஆறவேண்டும், புது வீட்டில் வேண்டாம். விசர்நாய்த் தடுப்பூசி போட்டு அட்டை வாங்கிவையுங்கள், வருடா வருடம் போடவேண்டும். துறைமுகத்தடி நாய் என்பதால் உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். முரசு (பல் ஈறு) வெளிறி, சோர்ந்து படுத்துக்கிடந்தால் அதைப் பயம் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். நோவுக்கு மனிதருக்கான மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், நாய்க்கு அவற்றில் பல நஞ்சு.

எப்போது கொடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தை மாதம் போகிறோம், மார்கழியில் கொடுப்போம் என்று வைத்திருக்காதீர்கள். ஐப்பசி பிறந்தால் இடிமுழக்கம், கார்த்திகை மார்கழியில் அடைமழை, வளவெல்லாம் வெள்ளம், டிசம்பர் 31 நடுச்சாமம் வெடி, பிறகு பொங்கல் வெடி. புது இடத்துக்கு வந்த பயந்த நாய்க்கு இதைவிடக் கெட்ட காலம் வருடத்தில் இல்லை. இப்போது ஆவணி. இந்த மாதம் கருத்தடை, புரட்டாதிக்குள் வீடு மாற்றம். இடி தொடங்கும்போது செம்பிக்கு ஒளிய ஒரு மூலை அந்த வீட்டில் சொந்தமாகியிருக்கவேண்டும். நீங்களும் இன்னும் இங்கேயே இருப்பீர்கள், ஏதும் என்றால் ஓடிப்போகலாம்.

நாயை ரீச்சரிடம் கொண்டுபோவதற்கு முன் ரீச்சர் நாயிடம் வரவேண்டும். ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவது காணாது, அவரால் முடிந்தளவு வரட்டும். வந்து விறாந்தையில், செம்பி இருக்கும் பக்கம் தோளைக் காட்டி, பக்கவாட்டில் உட்காரட்டும். நேருக்கு நேர் பார்க்கவேண்டாம், "வா வா" என்று கூப்பிடவேண்டாம், உங்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாலே போதும். கையில் அவித்து முள்ளெடுத்த சூடை மீனோ கோழி ஈரலோ இருக்கட்டும். இடைக்கிடை ஒரு துண்டைத் தன்னிடமிருந்து தள்ளி, செம்பிக்குக் கிட்டப் போடட்டும். தன் காலடியில் போட்டுக் கிட்ட இழுக்கப் பார்ப்பதுதான் எல்லாரும் விடும் பிழை. ஆசைக்கும் பயத்துக்கும் நடுவில் மாட்டி, எட்டிக் கவ்விக்கொண்டு ஓடும், பயம் கூடும். தள்ளிப் போட்டால், இந்த ஆள் வந்தால் மீன் வரும், பக்கத்தில் போகவும் தேவையில்லை என்று அதன் தலையில் பதியும். பிறகு ஒரு நாள் அதுவாகக் கிட்ட வந்து, கழுத்தை நீட்டி மணம் பிடிக்கும். பின்னங்கால் இரண்டும் ஓட ஆயத்தமாகப் பின்னுக்கே இருக்கும். அப்போது ரீச்சர் அசையக்கூடாது, கையை நீட்டக்கூடாது. பிறகு தொடுவதென்றால் தலைக்கு மேலால் கை போகாமல், நெஞ்சுப் பக்கமாக, கீழிருந்து.

நாக்கால் மூக்கை நக்குவது, நித்திரை இல்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, அப்படியே கல்லாய் உறைந்து நிற்பது, இவையெல்லாம் "போதும்" என்று அது சொல்வது. குறிப்பாக உறைந்து நிற்பதை நம் ஆட்கள் "பாருங்கோ, எவ்வளவு சாது" என்று நினைத்துத் தடவுவார்கள். கடி விழுவது அங்கேதான். செம்பிக்கு ஊசி போட்டிருந்தாலும், யாருக்காவது பல் பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும். இதையும் ரீச்சரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கிழவனை அறிமுகம் செய்வது இரு வீட்டிலும் இல்லாமல் ஒரு பொது இடத்தில் நடந்தால் நல்லது. ஆளில்லாத ஒழுங்கையில், இரண்டையும் கயிற்றில், தூரம் விட்டு ஒரே திசையில் நடத்துங்கள். முகத்துக்கு முகம் கொண்டுபோய் நிறுத்தவேண்டாம்.

பயணம் சின்னதுதான், காத்தான்குடி தாண்டினால் ஆரையம்பதி. ஆனாலும் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் பயணம்தான் பயம். ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரண்டு பக்கமும் திறந்த வாகனம், பக்கத்தில் பஸ் ஹோர்ன் அடித்தால் போதும், பிரதான வீதியில் பாய்ந்துவிடும். நாய்க்கூடு ஒன்று இரவல் வாங்குங்கள். ஒரு கிழமைக்கு முன்பே அதைக் குசினியில், கதவைத் திறந்து வைத்து, உள்ளேயே சாப்பாடு போடுங்கள். போகிற நாள் விடியற்காலை, வெறும் வயிற்றில், கூட்டுக்கு மேல் ஒரு துணியைப் போட்டு, அடைத்த வான் ஒன்றில் கொண்டுபோங்கள். கழுத்துப் பட்டியும் நெஞ்சுப் பட்டியும் இரண்டும் போட்டு, இரண்டிலும் கயிறு கட்டியிருக்கவேண்டும். பயந்த நாய் பின்னுக்கு இழுத்தால் கழுத்துப் பட்டி தலையால் கழன்றுவிடும். கூட்டைத் திறப்பது அறைக்குள் போய், கதவைச் சாத்திய பிறகுதான்.

புது வீட்டில் முதலில் செய்யக்கூடாதது குளிப்பாட்டுவது. கிணற்றடியில் இழுத்து வைத்து நாலு வாளி ஊற்றிச் சுத்தமாக்கி எடுப்பது நம் வழக்கம். செம்பிக்கு அந்த ஊத்தையும் உங்கள் வீட்டு மணமும்தான் அப்போதைக்குத் துணை. அது படுத்த சாக்கையும் கழுவாமல் கொடுத்துவிடுங்கள். ஒரு அறை, அல்லது குசினியின் ஒரு மூலை, தண்ணீர், சாப்பாடு, ஒளிய ஒரு மேசைக்கீழ். பார்க்க வருகிற அயலவருக்கு அந்த மாதம் வாசலிலேயே தேத்தண்ணி. மூன்று நாள், மூன்று கிழமை, மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று நாளில் நடுக்கம் குறையும், மூன்று கிழமையில் வீட்டின் நேரகாலம் பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நினைக்கும். செம்பி மாதிரி நாய்க்கு அதை இரட்டித்துக்கொள்ளுங்கள். முதல் இரவுகளில் ஊளையிடலாம், இரண்டொரு நாள் சாப்பிடாமலும் இருக்கலாம். தண்ணீரும் குடிக்காவிட்டால்தான் வைத்தியர். மூத்திரத்துக்கு விடுவதும், வேலி எவ்வளவு நல்லதென்றாலும், முதல் மாதம் கயிற்றோடுதான்.

இவ்வளவும் செய்தும் ஓடிவிட்டால், துரத்தவேண்டாம். ஊரைத் திரட்டித் தேடினால் இன்னும் தூரம் போகும். பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவதும் அப்படித்தான். கண்ட இடத்தை மட்டும் விசாரித்து வையுங்கள். தப்பிய இடத்தில் அதன் சாக்கையும் கொஞ்சம் மீன்சோற்றையும் வைத்து, ஆளரவம் அடங்கிய பிறகும் விடியமுன்னும் நீங்கள் போய்ச் சும்மா நிலத்தில் உட்காருங்கள். கிழவனைக் கயிற்றில் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. நாவற்குடா கிட்ட என்பதால் பழைய வீட்டைத் தேடி வரவும் கூடும். உங்கள் படலையை அந்த இரவுகளில் திறந்து வையுங்கள்.

நீங்கள் பார்க்கப் போவதைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம். என் அபிப்பிராயம், முதல் ஒரு மாதம் போகாதீர்கள், ரீச்சர் போனில் வீடியோ அனுப்பட்டும். பிறகு கொழும்புக்குப் போக முன் ஒருமுறை போய் வாருங்கள். உங்களைக் கண்டுவிட்டுத் திரும்ப ரீச்சரின் பக்கம் போய்ப் படுத்தால் மனம் சுருக்கென்றிருக்கும். நாம் கேட்டதும் அதுதானே.

அப்புறம், சரிவராவிட்டால் என்ன என்பதை ஊசி அட்டையைக் கையில் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். வேறு யாருக்கும் கைமாற்றக்கூடாது, கடற்கரையில் கொண்டுபோய் விடக்கூடாது, உங்களுக்குத்தான் முதலில் சொல்லவேண்டும். நீங்கள் கொழும்பில் இருக்கும்போது உங்களுக்காகப் போய் எடுக்க இங்கே ஒரு ஆள் வேண்டும். செங்கலடியில் அக்கா இருக்கிறார் என்றீர்களே, அவரிடம் இன்றைக்கே கேட்டு, அவருடைய இலக்கத்தையும் அந்த அட்டையின் பின்பக்கம் எழுதிவிடுங்கள்.